தசை, கோச்சாரம், புரோகிரஷன்: தோட்டப்புறத்தில் பிறந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் குறித்து வைப்பது எப்படி?

குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி என்றால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோயிலில் அர்ச்சனைச் சீட்டுக்கு வரிசை நிற்கும். வாட்ஸ்அப்பில் பன்னிரண்டு ராசிக்கும் பலன் வரும். படித்துவிட்டுப் பரிகாரமும் செய்வோம். அடுத்த பெயர்ச்சி வரும்போது, போன தடவை என்ன சொன்னார்கள், அதில் என்ன நடந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் நினைவிருக்காது. மறந்துபோவதால்தான் ஒரே பலனை ராசி மாற்றி வருடா வருடம் விற்க முடிகிறது.

நம் ஜாதகத்தில் எது எப்போது நகர்கிறது என்று நாமே குறித்து வைத்து, நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கைப்பேசி, சரியான பிறந்த நேரம் இருந்தால் போதும். மூன்றில் கடைசியாகச் சொன்னதுதான் நம் ஊரில் சிக்கல். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: பிறந்த நேரத்தை மலேசியக் கடிகாரத்தோடு சரிபார்க்கவும்

தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் பல தடவை மாற்றப்பட்டிருக்கிறது. கிரீன்விச் நேரத்தோடு கூட்ட வேண்டியது இவ்வளவு:

- 1933 முதல் 1941 ஆகஸ்ட் வரை: 7 மணி 20 நிமிடம்
- 1941 செப்டம்பர் முதல் ஜப்பான்காரன் வரும் வரை: 7 மணி 30 நிமிடம்
- ஜப்பான் காலம், 1942 பிப்ரவரி முதல் 1945 செப்டம்பர் வரை: 9 மணி (தோக்கியோ நேரம்)
- அதன் பிறகு 1981 டிசம்பர் 31 வரை: மறுபடி 7 மணி 30 நிமிடம்
- 1982 ஜனவரி 1 முதல் இன்று வரை: 8 மணி

1981 முடிவதற்குள் பிறந்த எல்லாருக்கும் இது முக்கியம். சில ஆப்புகள் 'மலேசியா' என்றதுமே, எந்த வருடம் என்று பார்க்காமல் 8:00 போட்டுவிடுகின்றன. நீங்கள் பயன்படுத்தும் ஆப்பில் 1979-ல் ஒரு தேதியைக் கொடுத்து, நேர மண்டலம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 7:30 காட்டாவிட்டால் கையால் மாற்றுங்கள்.

அரை மணி நேரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றும். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 1979 பிப்ரவரி 11, இரவு 11 மணி, சுங்கை சிப்புட். 7:30 வைத்துக் கணித்தால் லக்னம் (பிறந்தபோது கிழக்கில் உதித்த ராசி) துலாம், அதுவும் தொடக்கப் பாகை. 8:00 வைத்தால் கன்னியின் கடைசிப் பகுதிக்குப் போய்விடும். லக்னம் மாறினால் பன்னிரண்டு வீடும் மாறும். ஆயுசைக் கிரகங்களுக்குள் பிரித்துத் தரும் தசைக் கணக்கிலும் அடி விழும். சந்திரன் அரை மணியில் சராசரியாகக் கால் பாகைக்குச் சற்று அதிகமாக நகரும். ஒரு நட்சத்திரம் 13 பாகை 20 கலை. ஆக நட்சத்திரத்தில் ஏறக்குறைய 2 சதவீதம். பிறந்தபோது சுக்கிர தசை என்றால் 20 வருடத்தில் 5 மாதம் தள்ளிப்போகும். புதன் தசை என்றால் 4 மாதம், சூரிய தசை என்றால் ஒன்றரை மாதம். அந்தத் தள்ளல் ஆயுசு முழுக்க எல்லாப் புத்தியிலும் (தசையின் உட்பிரிவு) கூடவே வரும்.

சூராட் பெரானாக்கில் (பிறப்புப் பத்திரம்) நேரம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வீட்டுப் பெரியவர்கள்தான். தோட்டத்தில் கடிகாரம் பார்த்துப் பிள்ளை பெற்றவர்கள் குறைவு. "பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி", "அப்பா பால் நிறுத்துட்டு வர்ற நேரம்", "டிரஸ்ஸர் சாப்பிட்டுட்டு வந்தப்ப" என்றுதான் சொல்வார்கள். (பெரட்டு காலையில் ஆளெடுக்கும் வரிசை, பால் நிறுப்பது ரப்பர் பாலை எடைபோடுவது, டிரஸ்ஸர் தோட்டத்து மருத்துவ உதவியாளர்.) இவற்றை அலட்சியம் செய்யாதீர்கள். பெரட்டு மணி அந்தந்தத் தோட்டத்தில் தினமும் ஒரே நேரத்துக்கு அடித்தது. எத்தனை மணிக்கு என்று அந்தக் காலத்து ஆள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதை வைத்து அரை மணிக்குள் நெருங்கிவிடலாம்.

"விடியறப்ப பொறந்தான்" என்று சொன்னால் மட்டும் கவனம். இப்போது நமக்குச் சூரியன் ஏழு மணிக்கு மேல் எழுகிறது. 1982-க்கு முன்னால் அதே விடியல் கடிகாரத்தில் அரை மணி முன்னதாக, ஆறரை மணிக்கு மேல் வந்தது. ஜப்பான் காலத்தில் எட்டு மணியைத் தாண்டியது.

இன்னும் இரண்டு பொறிகள். பாட்டி "வெள்ளிக்கிழமை ராத்திரி" என்பார், பத்திரத்தில் சனிக்கிழமை இருக்கும். இரண்டும் சரிதான். நம் கணக்கில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது, அரசாங்கக் கணக்கில் நள்ளிரவில். அடுத்து, தாமதமாகப் பதிந்த பிறப்புகள். பழைய ஆட்கள் சிலருக்கு ஐசி (அடையாள அட்டை) எண்ணின் முதல் ஆறு இலக்கத்தில் இருப்பது உண்மையான பிறந்த தேதியாக இருக்காது. திருவிழாவை வைத்துச் சரிபார்க்கலாம். தைப்பூசத்தன்று பிறந்தவர் என்றால் சந்திரன் கடகத்தில், பூச நட்சத்திரத்திலோ அதன் ஓரத்திலோ இருக்க வேண்டும். ஐசி தேதிக்குக் கணித்தால் சந்திரன் தனுசில் நிற்கிறது என்றால், தேதிதான் பொய் சொல்கிறது.

படி 2: ஒரே பஞ்சாங்கத்தில் நில்லுங்கள்

பஞ்சாங்கம் இரண்டு வகை: பழைய சூத்திரங்களில் கணிக்கும் வாக்கியம், இன்றைய வான நிலையை வைத்துக் கணிக்கும் திருக்கணிதம். சனி மீனத்துக்கு எப்போது வந்தது? திருக்கணிதப்படி 2025 மார்ச் 29. வாக்கியப்படி 2026 மார்ச் 6. திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுகிறது. கைப்பேசி ஆப்புகள் பெரும்பாலும் திருக்கணிதம், அதிலும் லாஹிரி அயனாம்சம் (ராசிச் சக்கரம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு வைக்கும் ஓர் அளவு). இடைவெளி கிட்டத்தட்ட ஒரு வருடம்! இரண்டையும் கலந்து படித்தால், கெட்டது நடந்த தேதிக்கு எது பொருந்துகிறதோ அதைக் கை தானாக எடுத்துக்கொள்ளும். அப்புறம் எந்த ஜாதகமும் தப்பாகாது.

என் பரிந்துரை திருக்கணிதம். வானத்தில் கிரகம் நிற்கும் இடத்தோடு அதுதான் ஒத்துப்போகிறது. கோயில் வழிபாட்டுக்கு வாக்கியத் தேதியில் போவதை அது தடுக்காது. நோட்டின் முதல் பக்கத்தில் "திருக்கணிதம், லாஹிரி" என்று எழுதி வைத்துவிட்டு மாற்றாமல் இருங்கள். ஜெகந்நாத ஹோரா என்ற இலவச மென்பொருள் கணினியில் இருந்தால் இந்த வேலைக்கெல்லாம் தாராளமாகப் போதும்.

தமிழ்நாட்டில் அச்சான பஞ்சாங்கத்தைப் பார்ப்பவர்கள் திதி, நட்சத்திரம், பெயர்ச்சி நேரங்களோடு இரண்டரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். ராகுகாலத்துக்கு இந்தக் கூட்டல் செல்லாது. அது அந்த ஊர்ச் சூரிய உதயத்திலிருந்து வருவது. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்பது ஆறு மணிக்கு விடியும் ஊருக்குப் போட்ட கணக்கு. இங்கே ஏழு பத்துக்கு விடிந்தால் ஏறக்குறைய எட்டு நாற்பதிலிருந்து பத்து பத்து வரை. ஏழரைக்குக் கடை திறக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்துவிட்டு, சரியாக ராகுகாலத்தில் திறப்பவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள்.

படி 3: தசா புத்தியைச் சட்டகமாகப் போடவும்

விம்சோத்தரி தசை மொத்தம் 120 வருடம்: கேது 7, சுக்கிரன் 20, சூரியன் 6, சந்திரன் 10, செவ்வாய் 7, ராகு 18, குரு 16, சனி 19, புதன் 17. பிறந்த நட்சத்திரத்தின் அதிபதியில் தொடங்கும். அந்த நட்சத்திரத்தில் சந்திரன் கடக்க வேண்டிய மிச்சம் எவ்வளவோ, அவ்வளவுதான் முதல் தசையின் இருப்பு.

புத்திக்கு ஒரு சுருக்குவழி: இரண்டு கிரகங்களின் வருடங்களையும் பெருக்கிப் பத்தால் வகுத்தால் மாதம் கிடைக்கும். குரு தசையில் சனி புத்தி என்றால் 16 × 19 = 304, அதாவது 30.4 மாதம், 2 வருடம் 6 மாதம் 12 நாள்.

மேலே போட்ட 1979 ஜாதகத்துக்கு வருவோம். கடக ராசி, ஆயில்யம், புதன் தசை. இருப்பைக் கணக்கு எளிதாக வர 8 வருடம் என்று வைத்துக்கொள்வோம். 1987 வரை புதன், 1994 வரை கேது, 2014 வரை சுக்கிரன், 2020 வரை சூரியன், 2030 வரை சந்திரன், எல்லாம் பிப்ரவரியில் மாறும். சந்திர தசை 10 வருடம் என்பதால் ஒவ்வொரு புத்தியும் அந்தக் கிரகத்தின் வருடம் எத்தனையோ அத்தனை மாதம். சந்திரன் 10 மாதம், செவ்வாய் 7, ராகு 18, குரு 16. ஆக 2024 மே வரை குரு புத்தி. பிறகு 19 மாதம் சனி புத்தி, 2025 டிசம்பர் வரை. அதன்பின் 2027 மே வரை புதன் புத்தி.

இந்தத் தேதிகளை நோட்டில் ஒரு புத்திக்கு ஒரு பக்கம் என்று எழுதிவிடுங்கள். புத்தியை மேலும் பிரித்து அந்தரம், சூட்சுமம் என்று உள்ளே உள்ளே போக வேண்டாம். பிறந்த நேரம் அரை மணி சந்தேகத்தில் இருக்கும்போது மூன்று வார அந்தரத்தைப் பிடித்துக்கொண்டு பலன் பார்ப்பது வீண்.

படி 4: கோச்சாரத்தில் மெதுவான கிரகங்களை மட்டும் எடுக்கவும்

கோச்சாரம் என்றால் கிரகங்கள் இப்போது வானத்தில் ராசி ராசியாக நகர்வது. சனி ஒரு ராசியில் சுமார் இரண்டரை வருடம், ராகு கேது ஒன்றரை வருடம், குரு ஒரு வருடம். ஆண்டுக்கணக்கில் குறிக்க இவை போதும். செவ்வாயை விரும்பினால் சேர்க்கலாம், சாதாரணமாக ஒன்றரை மாதம். வக்கிரம் ஆனால் (பின்னோக்கி நகர்வதுபோல் தெரிந்தால்) ஒரே ராசியில் ஆறு மாதம்கூட உட்காரும். சூரியன், புதன், சுக்கிரனை எல்லாம் எழுதினால் நோட்டு நிரம்பும், விஷயம் நிரம்பாது.

பிறந்தபோது சந்திரன் நின்ற ராசியிலிருந்து எண்ண வேண்டும். குருவுக்கு 2, 5, 7, 9, 11 நல்ல இடங்கள். சனிக்கு 3, 6, 11. சனி 12, 1, 2-ல் ஏழரை, 8-ல் அஷ்டமம், 4-ல் அர்த்தாஷ்டமம். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பலர் செய்யாதது, இதைத் தசைப் பக்கத்தின் மேல் வைத்துப் பார்ப்பது.

நம் கடக ராசிக்காரருக்குச் சனி கும்பத்தில் தொடர்ந்து இருந்த காலம் அஷ்டமச் சனி: 2023 ஜனவரி 17 முதல் 2025 மார்ச் 29 வரை. முதல் பதினாறு மாதமும் குரு புத்தி. பின்பாதியில், 2024 மே முதல், சனி புத்தி. சோதிட விதிப்படி கெடுபிடி முழு இரண்டேகால் வருடமும் ஒரே மாதிரி இருக்கக்கூடாது. சனியே புத்தி நடத்தும் கடைசிப் பத்து மாதத்தில்தான் இறுக வேண்டும். இப்படி எழுதி வைத்தால் சோதித்துப் பார்க்க முடிகிற ஒரு கூற்று கிடைக்கிறது. "அஷ்டமச் சனி, ஜாக்கிரதை" என்பதை வைத்துக்கொண்டு எதைச் சோதிப்பது? இந்தப் பத்து மாதம் சரியான நேர மண்டலத்தோடு கணித்தால்தான் கிடைக்கும் என்பதையும் கவனியுங்கள். 8:00 போட்டவருக்குச் சனி புத்தி 2024 செப்டம்பரில்தான் தொடங்கும்.

அடுத்து, ராசியோடு நிறுத்தாமல் பாகையைப் பார்க்கவும். 2025 அக்டோபரில் குரு கடகத்துக்கு வந்ததும் ஜென்ம குரு (பிறந்த ராசியிலேயே குரு) என்று கடக ராசிக்காரர்கள் பயந்தார்கள். அந்தத் தடவை குரு கடகத்தில் ஒரு பாகையைக்கூடத் தாண்டவில்லை. நவம்பரில் வக்கிரமாகி டிசம்பர் 5-ல் மிதுனத்துக்குத் திரும்பிவிட்டது. நம் உதாரணத்தில் சந்திரன் நிற்பது 23 பாகைக்கு மேல். 2026 ஜூன் 2-ல் மறுபடி கடகத்துக்கு வரும் குரு அந்தப் பாகையைத் தொடுவது செப்டம்பர் பிற்பாதியில். ஆயில்யக்காரருக்கு ஜென்ம குரு என்று ஒன்று உண்டென்றால் நோட்டில் வட்டம் போட வேண்டியது அந்த மாதத்தைத்தான். புனர்பூசம் நான்காம் பாதக்காரர்கள் 2025 அக்டோபரையே வட்டம் போட்டிருக்க வேண்டும்.

வக்கிரத்தால் ஒரே பாகையைக் கிரகம் மூன்று தடவை தொடுவதும் உண்டு. 2025-ல் சனி மீனம் எட்டாம் பாகையை நெருங்கி, ஜூலை 13-ல் வக்கிரமாகி, முதல் பாகை வரை பின்வாங்கி, நவம்பர் 28-ல் நேராகத் திரும்பியது. யாருக்காவது மீனம் 4 பாகையில் ஒரு கிரகம் இருந்தால் தொடும் மாதங்கள் 2025 மே, 2025 செப்டம்பர், 2026 ஜனவரி. மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். முன்னும் பின்னும் ஒரு பாகை வரை தொடர்பு என்று கொண்டால் போதும். ஐந்து பாகை விட்டால் எல்லா மாதமும் ஏதாவது ஒன்றைத் தொட்டுக்கொண்டே இருக்கும்.

அஷ்டகவர்க்கம் பார்க்கத் தெரிந்தவர்கள் அந்தந்த ராசியின் சர்வாஷ்டகப் பரலைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். மொத்தம் 337, ராசிக்குச் சராசரி 28.

சந்திராஷ்டமம் சின்ன விஷயமாகத் தோன்றினாலும், பழகிக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. சந்திரன் ராசிக்கு எட்டில் இருக்கும் இரண்டேகால் நாள், வருடத்துக்குப் பதின்மூன்று தடவை வரும். சனி ஒரு சுற்று வர இருபத்தொன்பதரை வருடம் காத்திருக்க வேண்டும். இது ஒரே வருடத்தில் கையில் ஆதாரம் தந்துவிடும்.

படி 5: புரோகிரஷன், விரும்பினால்

மேல்நாட்டு முறை இது. பிறந்த பிறகு வரும் ஒவ்வொரு நாளும் வாழ்க்கையின் ஒரு வருடத்துக்குச் சமம். 47 வயதில் என்ன என்று பார்க்க, பிறந்து 47-ஆம் நாள் வானத்தை எடுக்க வேண்டும். சூரியன் வயதுக்கு ஒரு பாகை நகரும். சந்திரன் வருடத்துக்குச் சுமார் 13 பாகை, மாதத்துக்கு ஒன்றுக்குச் சற்று மேல், இருபத்தேழு வருடத்தில் ஒரு சுற்று. குறிக்கத் தகுந்தவை இந்த இரண்டும்தான். சனி, குருவெல்லாம் இதில் ஆயுசுக்கும் சில பாகைதான் அசையும்.

நம் ஜாதகருக்கு 47 வயதென்றால் 1979 மார்ச் 30-ஐப் பார்க்க வேண்டும். சராசரி வேகத்தில் கணித்தால் சந்திரன் மேஷம் 13 பாகைவாக்கில் வரும். உண்மையில் சந்திரன் அந்த வாரம் வேகமாக ஓடியதால் அதைவிட ஆறேழு பாகை முன்னால் இருந்தது. ஆறு பாகை என்றால் ஆறு மாதப் பிழை. அதனால் மனக்கணக்கு வேண்டாம், எஃபிமெரிஸ் (தினசரிக் கிரக நிலை) அட்டவணையையே பாருங்கள்.

இதில் நான் முதலில் தேடச் சொல்வது, நகர்த்திய சந்திரன் நகர்த்திய சூரியனோடு சேரும் அமாவாசை. முப்பது வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும். பழைய சுற்று முடிந்து புதிது தொடங்குவதாக மேல்நாட்டார் படிக்கிறார்கள். 1979 மார்ச் 28 அமாவாசை. பிறந்து நாற்பத்து நாலரை நாள். ஆக 2023 ஆகஸ்ட் வாக்கில். இரண்டு கிரகங்களுக்கு இடையிலான தூரம் என்பதால் அயனாம்சத் தகராறு இங்கே இல்லை. பிறந்த நேரம் அரை மணி தவறினாலும் ஒரு வாரம்தான் மாறும். நேரம் உறுதியாகத் தெரியாதவர்களுக்குத் தசையைவிட இந்த முறை கைகொடுக்கும் இடம் இதுதான்.

மேல்நாட்டு மென்பொருள் ராசிகளைச் சாயனத்தில் காட்டும். அது சம இரவுப் புள்ளியிலிருந்து எண்ணும், நம் நிராயணம் நட்சத்திரங்களை வைத்து எண்ணும். நம் நிராயணத்துக்கும் அதற்கும் இப்போது 24 பாகைக்கு மேல் வித்தியாசம். "சனி மேஷத்தில்" என்று அது சொன்னால் நம் கணக்கில் பெரும்பாலும் இன்னும் மீனம்தான்.

படி 6: நோட்டில் எழுதும் முறை

இடது பக்கம் முன்கூட்டியே எழுத வேண்டியது. எந்தப் புத்தி, எந்தக் கிரகம் எங்கே, எந்த மாதம், எந்தத் துறையில் என்ன எதிர்பார்ப்பு, எழுதிய தேதி. துறை என்றால் உடம்பு, வேலை, பணம், குடும்பம், வீடு. "மனக்கலக்கம்" என்று எழுதாதீர்கள், அது எந்த மாதத்திலும் வரும். "2026 செப்டம்பரில் வேலை மாற்றம் அல்லது பதவி உயர்வு" என்று எழுதுங்கள்.

வலது பக்கம் நடந்தது. அந்த மாதம் முடிந்ததும் எழுத வேண்டும். இடது பக்கத்தைப் பார்க்காமல் எழுதுவது இன்னும் நல்லது. அப்புறம் மூன்றில் ஒரு குறி: வந்தது, வரவில்லை, சொல்ல முடியாது. மூன்றாவது குறி கூடிக்கொண்டே போனால் எதிர்பார்ப்பை மழுப்பலாக எழுதுகிறீர்கள் என்று அர்த்தம்.

பழைய சம்பவங்களையும் பின்னோக்கிப் போட்டுப் பார்க்கலாம்: எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதியது, கல்யாணம், முதல் வீடு, அப்பா தவறியது. அவற்றை வேறு நிற மையில் எழுதுங்கள். நடந்து முடிந்த பிறகு காரணம் கண்டுபிடிப்பது எப்போதும் சுலபம்.

ஒரு சம்பவத்துக்குப் பக்கத்தில் "ஊரோடு" அல்லது "எனக்கு" என்று எழுதுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். தோட்டம் கைமாறி, பால்மரம் வெட்டப்பட்டு, லயத்தை (தோட்டத்து வரிசை வீடு) காலி செய்யச் சொன்னபோது, மேஷமும் மீனமும் ஒரே மாதத்தில்தான் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வெளியேறின. 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோதும் அப்படியே. வேலை போனது ஏழரையால் என்று எழுதும் முன், பக்கத்து வீட்டில் ஏழரை இல்லாதவருக்கும் போனதா என்று பார்க்க வேண்டும். தோட்டத்தை விட்டு வந்தவர்களில் பலர் அந்த வருடத்தைத் தன் ஜாதகத்தின் கெட்ட வருடமாகவே இன்னும் வைத்திருக்கிறார்கள். அதை முடிவு செய்தது கம்பெனியின் கணக்குப் புத்தகம்.

படி 7: எண்ணிப் பார்ப்பது

ஒரு புத்தி முடியும்போது மட்டும் எண்ணுங்கள். "ஊரோடு" என்று எழுதியவற்றைக் கழித்துவிட்டு, வந்ததையும் வராததையும் கூட்டிக்கொள்ளுங்கள். சந்திராஷ்டமத்துக்கு இன்னொரு ஒப்பீடும் வேண்டும். மாதத்தில் வேறு இரண்டு நாளைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்து, அந்த நாட்களில் எத்தனை சண்டை, எத்தனை தடங்கல் என்று அதே மாதிரி எழுதுங்கள். சந்திராஷ்டம நாள்களும் அந்த நாள்களும் ஒரே எண்ணிக்கை காட்டினால், அதற்குப் பயந்து பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

சோதிடர்கள் இந்த மாதிரிக் கணக்குக்கு முகம் சுளிப்பார்கள். 1985-ல் நேச்சர் ஆய்விதழில் வந்த ஒரு சோதனையில், ஜாதகத்தைப் பார்த்து அது எந்த ஆளுடையது என்று கண்டுபிடிப்பதில் சோதிடர்கள் குருட்டாம்போக்கைவிட மேலாகச் செய்யவில்லை. அது மேல்நாட்டு முறையில் நடந்தது, குணத்தைப் பற்றியது. தசையையும் கோச்சாரத்தையும் அது தொடவில்லை. தொடுவது உங்கள் நோட்டுதான், அதுவும் உங்கள் ஒருவர் அளவில். எப்படி வந்தாலும் மருந்து, ஆபரேஷன், வீட்டுக் கடன் கையெழுத்து போன்றவற்றை நோட்டைப் பார்த்துத் தள்ளிப்போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சோதிடரிடம் போகும்போது நோட்டையும் எடுத்துப் போங்கள். இரண்டு கேள்வி கேளுங்கள்: என் ஜாதகத்துக்கு எந்த நேர மண்டலம் போட்டீர்கள்? நீங்கள் சொல்வது எந்த மாதத்துக்குள் தெரியும்? இரண்டாவதற்கு வரும் பதிலை அங்கேயே, அவர் முன்னாலேயே, இடது பக்கத்தில் எழுதித் தேதி போட்டுக்கொள்ளுங்கள்.